பிஸ்கட் டின்னில் ஒரு கேசட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் பாதியிலேயே வைத்துவிட்டாய். கிடார் வாசிக்கிற பையன் விலகிவிட்டான், இனி பேண்டே வேண்டாம் என்றாய். அம்மா பக்கத்தில் நின்று "சாப்பிட்டாளா கேளுங்க" என்று பிடுங்கிக்கொண்டிருந்ததில் எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை.

ராத்திரி பரணிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை இறக்கினேன். டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கேசட் இன்னும் இருக்கிறது. மூர் மார்க்கெட்டில் வாங்கியது, 1985-இல் அது எரிவதற்கு ஒரு வருஷம் முன்னால். நாடா வெளியே வந்து சிக்கிக் கிடந்தது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்தேன். போட்டுக் கேட்கத்தான் டேப்ரிக்கார்டர் இல்லை.

அதிலிருக்கும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டும் ஒரு தீயில் பிறந்ததுதான். 1971 டிசம்பரில் ரெக்கார்டிங்குக்காக சுவிட்சர்லாந்து போனார்கள். அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரியில் யாரோ ஃபிளேர் துப்பாக்கியால் (தீச்சுடர் விடுவது) சுட, ரெக்கார்டிங் நடக்கவேண்டிய கேசினோவே எரிந்துபோனது. ஏரி முழுக்கப் புகை. அப்புறம் குளிர்காலத்துக்குக் காலியாகக் கிடந்த ஒரு ஓட்டலில் மெத்தைகளை அடுக்கி வைத்து வாசித்து முடித்தார்கள்.

அந்தப் பாட்டை வாசித்த ஐந்து பேரும் எத்தனை நாள் ஒன்றாக இருந்தார்கள் என்கிறாய்? 1968-இல் ஆரம்பித்த குழு. அடுத்த வருஷமே பாடகரும் பேஸ் கிடார்காரரும் மாறிவிட்டார்கள். புதிதாக வந்த கில்லனும் குளோவரும் 1973-இல் போனார்கள். துணிக்கடையில் வேலை பார்த்த கவர்டேல் பாட வந்தார். 1975-இல் கிடாரிஸ்ட் பிளாக்மோரே போனார். மறுவருஷம் குழு கலைந்தது. 1984-இல் கூடினார்கள், திரும்பவும் சண்டை. 1993-இல் டூர் நடுவிலேயே பிளாக்மோர் கிளம்பிவிட்டார்.

அவர் இல்லாத டீப் பர்ப்பிள் பெருங்காயம் போடாத ரசம் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவருக்குப் பின் வந்த ஸ்டீவ் மோர்ஸ், பிளாக்மோரைவிட அதிக காலம், 2022 வரை வாசித்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, கூட இருக்கவேண்டும் என்று விலகினார். இப்போது சைமன் மெக்பிரைட். 2024-இல்கூட ஆல்பம் வந்தது.

இத்தனையிலும் முதல் நாளிலிருந்து இருப்பவர் ஒருவர்தான்: டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ். உன்னைப்போல இடது கைக்காரர். பாட்டி உன் கையில் தட்டும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான் தடுப்பேன், ஞாபகம் இருக்கிறதா?

எங்கள் மெல்லிசைக் குழுவிலும் இது நடந்தது. மாம்பலத்தில் ஒரு ரிசப்ஷன். அன்று காலையில் கீபோர்டுகாரர் சினிமா ரெக்கார்டிங் கிடைத்தது என்று போய்விட்டார். ஒரு காலேஜ் பையனைப் பிடித்து வந்தோம், அவனுக்குத் தெரிந்தது நாலே பாட்டு. அதையே மூன்று சுற்று வாசித்தோம். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இருந்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தப் பையன் அப்புறம் பதினோரு வருஷம் எங்களோடு இருந்தான்.

கிடாருக்கு ஆள் தேடு. நாலு பாட்டு தெரிந்தால் போதும்.

அம்மா பருப்புப்பொடி பார்சல் கட்டுகிறாள். கேசட்டையும் அதில் வைக்கிறேன், பென்சிலோடு.

அப்பா