ராயபுரத்தை விட்டுவிடாதீர்கள்: தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும் சென்னைக் கோட்ட அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ராத்திரி ஊர் அடங்கிய பிறகு யார்டில் வண்டி கோக்கும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். சென்னைக்கு இன்னொரு ரயில் முனையம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வடசென்னைக்காரர்கள் ராயபுரத்தைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், கூட்டம் போட்டிருக்கிறோம். மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குப் போனது. நான்காவதுக்கு இப்போது பெரம்பூர் என்கிறீர்கள். பெரம்பூரும் எங்கள் ஜனம்தான், அவர்களுக்குக் கிடைப்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அதைக் காரணம் காட்டி ராயபுரம் கோரிக்கையை மூடி வைத்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களுக்கே தெரிந்த வரலாறுதான், இருந்தாலும் சொல்கிறேன். 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு இந்த ஸ்டேஷனைத் திறந்து வைத்தார். ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிக் கிளம்பியது, அதற்கான பெட்டிகளைச் செய்து கொடுத்தது நம் ஊர் சிம்சன் கம்பெனி. பம்பாயிலும் கல்கத்தாவிலும் நமக்கு முன்பே ரயில் ஓடிவிட்டது, ஆனால் அங்கே முதலில் கட்டிய ஸ்டேஷன்கள் இன்று இல்லை. நம்முடையது தூணும் வளைவுமாக அப்படியே நிற்கிறது. 1873ல் சென்ட்ரல் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய வண்டிகள் அங்கே போயின. 1922ல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகமும் இங்கிருந்து போய்விட்டது.

இப்படி எங்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்து போவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் பஸ் ஒரு காலத்தில் பாரிமுனையிலேயே கிடைத்தது, நடந்தே போய் ஏறலாம். 2002ல் அது கோயம்பேட்டுக்குப் போனது, சரி, நெரிசல், ஏற்றுக்கொண்டோம். 2023 கடைசியில் தென் மாவட்ட பஸ்ஸுக்குக் கிளாம்பாக்கம் என்றார்கள். காசிமேட்டில் மீன் வியாபாரம் பார்க்கும் தூத்துக்குடிக்காரரும், எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை பார்க்கும் நெல்லைப் பெண்ணும் ஊருக்குப் போக முதலில் சென்னையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ரயிலிலும் அதே கதை வரக்கூடாது. போன பொங்கலுக்கு அம்மாவைத் தாம்பரத்தில் வண்டி ஏற்றிவிடப் போனேன். கடற்கரை ஸ்டேஷன் வரை ஆட்டோ, அங்கிருந்து இரண்டு பெரிய பைகளோடு மின்சார ரயில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறும் கூட்டத்தில் அம்மாவின் மூட்டுவலிக்கு ஒரு இடம் பிடிப்பதற்குள் பாதி வழி போய்விட்டது. ஊர்ப் பயணம் இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் களைத்துவிட்டார்.

இடமில்லை என்று சொல்ல முடியாது. ஸ்டேஷனைச் சுற்றியுள்ள ரயில்வே நிலம் 72 ஏக்கர் என்பது நாங்கள் மனுக்களில் எழுதிவரும் கணக்கு. அதில் மின்சார லோகோ ஷெட், அதாவது ரயில் இன்ஜின்களைப் பராமரிக்கும் பணிமனை, இருக்கிறது, சரக்கு லைன்கள் இருக்கின்றன, அவற்றை நகர்த்துவது பெரிய செலவு என்பது உங்கள் பக்கத்து நியாயம். லோகோ ஷெட்டில் வேலை செய்யும் அண்ணன்மார்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், ஷெட்டைத் தூக்குங்கள் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் தூக்கினால்தான் முனையமா? மீதி இடத்தில் இரண்டு நீளமான பிளாட்பாரமும் வண்டிகளைப் பரிசோதித்துப் பராமரிக்க ஒரு பிட்லைனும் போட முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று. கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் இரண்டு திசைக்கும் இங்கிருந்து தண்டவாளம் போகிறது. தெற்கே போக வேண்டுமென்றால் அடுத்த ஸ்டேஷனே கடற்கரை. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவில் மூன்று பாதைதான், எக்ஸ்பிரஸ் விட இடமில்லை என்ற பதிலைத்தான் இத்தனை வருஷம் கேட்டு வந்தோம். அங்கே நான்காவது பாதை போடுவதற்காகப் பறக்கும் ரயிலைக்கூட 2023 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தி வைத்திருந்தீர்கள், ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். இப்போது பாதை வந்துவிட்டது. வட இந்தியாவிலிருந்து தெற்கே போகும் வண்டியும் தெற்கிலிருந்து கிளம்பி வரும் வண்டியும் சந்திக்கக்கூடிய இடம் ராயபுரம் என்று சொல்ல இனி நாங்கள் தயங்க வேண்டியதில்லை.

2005ல் கட்டடத்தைச் சீர்செய்து திறந்தீர்கள், அதற்கு இன்றும் நன்றி. அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமைதான். ஆனால் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு ஆள் குடிபோகாமல் பூட்டி வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? லோக்கல் வண்டி வந்து நின்று போகிறது, அதோடு சரி.

நான் கேட்பது இவ்வளவுதான். ராயபுரம் ஏன் முடியாது என்று கணக்குப் போட்டிருந்தால் அந்த அறிக்கையைத் தமிழில் வெளியிடுங்கள், நாங்களும் படிக்கிறோம். அந்த நிலத்தில் ஒரு பகுதியையும் வேறு யாருக்கும் நீண்டகாலக் குத்தகைக்கு விடாதீர்கள், ஒருமுறை போனால் அப்புறம் முனையம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. அதோடு, பண்டிகைக் காலச் சிறப்பு ரயில் விடும்போது ஒன்றே ஒன்றை, நெல்லைக்கோ ராமேஸ்வரத்துக்கோ, இங்கிருந்து கிளப்பிப் பாருங்கள். அம்மாவுக்கு நானே முதல் ஆளாக டிக்கெட் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
ராயபுரத்துப் பயணி ஒருவர்