லயங்களை எரிக்க வேண்டாம், பிரித்தெடுத்துக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், மூன்று தலைமுறைத் தொழிலாளர்கள் குடியிருந்த நான்கு பழைய பலகை லயங்களில் (வரிசை வீடுகளில்) இரண்டு, கடந்த மாதம் ஒரே பகற்பொழுதில் மண்வாரி இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில்தான் நான் பிறந்தேன். ஆளில்லாமல் கூரை ஒழுகிக் கிடந்த அந்த லயங்களை அகற்ற வேண்டியிருந்தது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அகற்றிய முறைதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. செங்கால் மரத் தூண்களும் உத்திரங்களும் பலகைகளும் மாலைக்குள் ஒரே குவியலாகத் தள்ளப்பட்டு, எண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டன. அடுப்படிச் சுவர்களின் செங்கற்கள் பள்ளத்தில் புதைக்கப்பட்டன. குவியல் மூன்று நாள் புகைந்தது. அதே தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று, தோட்டத்து வீட்டின் சாவியை ஒப்படைத்துவிட்டு, எப்படியோ வாங்கிய சிறு நிலத்தில் வீடு கட்டப் பணம் போதாமல் உறவினர் வீடுகளில் ஒண்டியிருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே ஆறு இருக்கின்றன. அவர்கள் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் தோட்டத்துத் தச்சராக வேலை பார்த்தவன். என் தந்தையாரும் அப்படியே. ஆகவே மரத்தைப் பற்றி நான் சொல்வது கேள்விப்பட்ட செய்தி அன்று. செங்கால் இந்நாட்டின் மிக உறுதியான மரங்களுள் ஒன்று. மருந்து ஏற்றாமலேயே கறையானையும் ஈரத்தையும் நெடுங்காலம் தாங்கும். இன்று மரக்கடையில் அதே அளவுள்ள புதுத் தூணுக்கு விலை கேட்டால், ஓய்வூதியம் இல்லாத ஒரு பால்வெட்டுத் தொழிலாளி அந்தக் கடையை விட்டுப் பேசாமல் திரும்பிவிடுவார். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டத்தில் லயம் இடிபட்டபோது, இடிக்கும் வேலையை எடுத்திருந்த குத்தகையாளரிடம் கெஞ்சிப் பதினான்கு தூண்களையும் கொஞ்சம் பலகைகளையும் வாங்கி வந்து, என் தங்கைக்கு ஒரு சிறு வீடு கட்டிக் கொடுத்தேன். வெளியே சாம்பல் நிறமாகக் கறுத்திருந்த தூணை இழைப்புளியால் இரண்டு நூல் அளவு சீவியதும், உள்ளே தேன் நிறத்தில் நேற்று அறுத்தது போன்ற மரம் இருந்தது. ஓர் உத்திரத்தின் முனையில், பொருத்துவதற்கு அடையாளமாக என் தந்தையார் உளியால் கொத்திய எண்ணும் இருந்தது. அந்த இடத்தை மட்டும் நான் இழைக்கவில்லை.

பழைய மரத்தைப் பயன்படுத்துவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் ஒவ்வொரு தூணையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே கூடு விழுந்திருந்தால் ஓசை தெரிவித்துவிடும். மண்ணை ஒட்டியிருந்த அடிப்பகுதியும் உத்திரம் செருகியிருந்த துளைகளுமே முதலில் உளுத்துப் போகும் இடங்கள் என்பதால், திருப்புளியால் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கினால் அந்தப் பகுதியை அறுத்து நீக்கிவிட வேண்டும். என் தங்கை வீட்டுத் தூண்கள் பெரும்பாலானவற்றில் அடியில் ஓரடி போயிற்று. அந்த உயரத்தைக் கான்கிரீட் குட்டைத் தூணால் ஈடுகட்டினேன். அதனால் மரம் இனி ஈர மண்ணைத் தொடாது. ஆணிகளைப் பிடுங்காமல் அறுத்தால் அறுவை வாளின் பல் போய்விடும், கையும் போகலாம். இவ்வளவு உழைப்புக்குப் பிறகும் மரச்செலவு புது மரம் வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதில் சிறு பங்கே ஆயிற்று.

அந்த வீட்டின் செங்கற்களும் பழையவையே. அடுப்படிச் சுவரில் சுண்ணாம்பு கலந்த மென்கலவை இருந்ததால் கல் உடையாமல் பிரிந்தது. ஆனால் கல் போதவில்லை. அப்போதுதான் கேரளத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டிய லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரின் முறை எனக்குக் கை கொடுத்தது. இங்கிலாந்தில் பிறந்து 1945-இல் இந்தியா வந்து, 2007-இல் தம் இறுதிநாள் வரை அங்கேயே வாழ்ந்த அவர், செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, இடையில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் எலிப்பொறிக் கட்டு என்னும் முறையைப் பரவலாக்கினார். அதனால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். நடுவில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். ஒரு வீட்டிற்கு வேண்டிய பொருள்கள் அதைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தியடிகள் தம்மிடம் சொன்னதை பேக்கர் வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருந்தார். நம் தோட்டப்புறத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் என்ன கிடைக்கிறது என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், நாம் எரிப்பதும் புதைப்பதும் எவ்வளவு என்று எனக்கு மனம் பதறுகிறது.

முதலாவது நம் காலடியில் இருக்கும் செம்மண். விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் 1989-இல் தொடங்கப்பட்ட எர்த் இன்ஸ்டிட்யூட் என்னும் மண் கட்டடக் கழகம், சூளையில் சுடாமல், மண்ணோடு நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு சிமெண்டு மட்டும் கலந்து, இரும்பு அச்சில் இட்டு அழுத்திக் கல் செய்யும் முறையை உலகெங்கும் கற்பித்து வருகிறது. இத்தகைய கற்களால் கட்டப்பட்ட ஆரோவில் பார்வையாளர் மையம், ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென வழங்கப்படும் ஹசன் ஃபாத்தி விருதை 1992-இல் பெற்றது. கல்லுக்கு எல்லா மண்ணும் ஆகாது. இலைமக்கு கலந்த மேல்மண்ணைத் தோட்டத்திற்கென ஒதுக்கிவிட்டு அடிமண்ணைத்தான் எடுக்க வேண்டும். அதில் மணலும் சரளையும் பாதிக்கு மேலும், களிமண் ஐந்தில் ஒரு பங்கு அளவிலும் இருப்பது நல்லது. களி மிகுந்தால் கல் காயும்போது வெடிக்கும், குறைந்தால் அச்சிலிருந்து எடுக்கும்போதே உதிரும். கண்ணாடிப் புட்டியில் மண்ணும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வைத்தால், சரளை, மணல், வண்டல், களி என்று அடுக்கடுக்காகத் தங்குவதை நம் பள்ளிப் பிள்ளைகளே அளந்துவிட முடியும். அழுத்திய கல்லை வெயிலில் போடாமல் மூடி, நான்கு வாரம் ஈரத்தில் வைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள். நம் மழைக்கு இன்னும் இரண்டு காரியம் தேவை: கூரை விளிம்பு சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருக்க வேண்டும், கீழே இரண்டடி உயரத்திற்காவது சுட்ட செங்கல்லோ கான்கிரீட்டோ இருக்க வேண்டும்.

இரண்டாவது செம்பனை ஆலை கழிப்பவை. கொட்டையின் கடின ஓட்டினைச் சரளைக் கல்லுக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் கலக்கலாம் என்பது நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் செய்தி. சபா மலேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2003-இல் இத்தகைய கான்கிரீட்டால் ஒரு சிறு நடைப்பாலமும், சுமார் 59 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மலிவு வீடும் கட்டிக் காட்டப்பட்டன. சாதாரணக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ கனக்கும் என்றால், இது 2,000 கிலோவுக்கும் குறைவு. ஆயினும் இந்த ஓடு இப்போது எரிபொருளாக வெளிநாட்டிற்கு விற்பனையாவதால் முன்போல் இலவசமாகக் கிடைப்பதில்லை. கொதிகலனில் எரிந்து கட்டியாக வெளிவரும் கிளிங்கரோ, தோட்டத்துச் சாலைக் குழிகளை நிரப்புவதற்குப் போய்விடுகிறது. நல்ல சோதனைக்குப் பிறகு அதைத் தரைத் தளத்திற்கும் சுமை தாங்காத கற்களுக்கும் பயன்படுத்த முயல வேண்டும் என்பது என் கருத்து.

ரப்பர் தரும் பால்மரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு காலத்தில் வெட்டிய பால்மரம், ரப்பர் தகடு உலர்த்தும் புகைக்கூடத்து அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும்தான் போயிற்று. மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் வண்டும் பூஞ்சையும் உடனே பிடித்துவிடும். வெட்டிய சில நாள்களிலேயே அறுத்து, போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி உலர்த்தும் முறை வந்த பிறகு, அதே விறகு ஜொகூர் மாநிலத்து மூவாரில் செய்யப்படும் மேசை நாற்காலிகளாக உலகெங்கும் போகிறது. வீட்டின் உள்ளே கதவுக்கும் அலமாரிக்கும் அது தாராளமாக ஆகும், மழைபடும் இடத்திற்கு ஆகாது. எதையெல்லாம் விறகு என்று நினைத்தோமோ அதன் கதை இப்படி மாறியிருக்கும்போது, செங்காலையா எரிப்பது?

இளைஞர் சிலர் கைப்பேசியில் பார்த்துவிட்டு, பழைய டயர்களில் மண் இடித்து அடுக்கிக் கட்டும் அமெரிக்க வீடுகளை இங்கும் கட்டலாமே என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். மைக்கேல் ரெனால்ட்ஸ் என்பவர் நியூ மெக்சிகோ மாநிலத்தின் தாவோஸ் பகுதியில் உருவாக்கிய அந்த வீடு, பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிரும் உள்ள வறண்ட நிலத்திற்கானது. தடித்த சுவர் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் தருவதே அதன் உயிர்நாடி. நம் ஊரிலோ இரவிலும் புழுக்கம் குறைவதில்லை. சேமித்த வெப்பத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? நமக்கு வேண்டியது காற்று. தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம், எதிரெதிர் சன்னல்கள், கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்று வெளியேற இடைவெளி, வெயில் உள்ளே விழாத அஞ்சடி (முன் தாழ்வாரம்) என்று கம்பத்து மலாய் வீடுகளும் அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த பழைய தோட்டத்து வீடுகளும் காட்டிய வழிதான் இங்கே சரி. மேலும், கட்டி முடிக்கும் வரை குவித்து வைக்கும் டயர்களில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகி, வீடு எழும்புவதற்கு முன்பே அண்டை அயலாருக்கு டிங்கி வந்துவிடும்.

மிகக் கவலையோடு சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பழையது எல்லாம் எடுத்துப் பயன்படுத்தத் தக்கதன்று. பல லயங்களின் கூரை அஸ்பெஸ்டாஸ் தகடு. அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. அன்று மண்வாரி இயந்திரம் அந்தத் தகடுகளை நொறுக்கியபோது எழுந்த தூசு எங்கள் எல்லார் மீதும் படிந்தது. அந்தத் தகட்டை அறுக்கவோ துளையிடவோ உடைக்கவோ கூடாது. பயிற்சி பெற்றவர்கள் நனைத்து, முழுத் தகடாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, உரிய முறையில் அப்புறப்படுத்த வேண்டும். கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று எவரும் வீட்டிற்குத் தூக்கிச் செல்லவே கூடாது. பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், ஈரப்படுத்திச் சுரண்டுவது நல்லது. இரயில் தண்டவாளக் கட்டையும் மருந்தேற்றிய மின்கம்பமும் வீட்டிற்குள் வரவே வேண்டாம்.

இனி நான் கேட்பது. வெட்டவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம் என்பது குத்தகையாளர்களுக்குத் தெரியாததன்று. இயந்திரத்தால் ஒரு நாளில் முடியும் வேலைக்கு ஆள் வைத்து ஒரு வாரம் செலவிட அவர்களுக்குக் காரணம் இல்லை, அவ்வளவுதான். அந்தக் காரணத்தைத் தோட்ட நிர்வாகங்கள் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுக்க முடியும்: முதலில் அஸ்பெஸ்டாஸ் முறைப்படி இறக்கப்பட வேண்டும், பிறகு மரமும் செங்கல்லும் கையால் பிரிக்கப்பட வேண்டும், அந்தத் தோட்டத்தில் உழைத்து வீடில்லாமல் இருப்பவர்களுக்கு முதல் உரிமை தரப்பட வேண்டும். பிரித்த மரத்தை மழை படாமல் அடுக்கி வைக்க, ஆளற்றுக் கிடக்கும் பழைய புகைக்கூடம் ஒன்றே போதும்.

நகராண்மைக் கழகத்திடம் எனக்கு வேறொரு வேண்டுகோள். 1984-ஆம் ஆண்டு சீரான கட்டட துணைவிதிகளின்படி முதல் அறை குறைந்தது 11 சதுர மீட்டரும் இரண்டாவது 9.3 சதுர மீட்டரும் மூன்றாவது 6.5 சதுர மீட்டரும் இருக்க வேண்டும். அறையின் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறையாமல் சன்னல் வேண்டும். இவை நியாயமான விதிகள். பழைய மரமும் மண் கல்லும் கொண்டு இவற்றை நிறைவேற்றுவதில் தடை ஏதும் இல்லை. தடை எங்கே என்றால், ஒவ்வோர் ஏழைக் குடும்பமும் தனித்தனியே வரைபடம் போட்டு, பொருளின் உறுதிக்குச் சான்று தேடி அலைய வேண்டியிருப்பதில்தான். கட்டடக் கலைஞரும் பொறியாளரும் கையெழுத்திட்ட இரண்டு மூன்று மாதிரி வரைபடங்களைக் கழகமே ஏற்று முன்கூட்டியே வைத்திருந்தால், தூணின் அளவும் மண் கல்லின் வலிமைச் சோதனையும் அதிலேயே குறிக்கப்பட்டிருந்தால், மனு கொடுப்பவர் நிலத்தின் விவரத்தை மட்டும் சேர்த்தால் போதும். அவ்வரைபடத்தில் மழைநீர்த் தொட்டியையும் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். 60 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 60 லிட்டர் விழும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் அது 1,50,000 லிட்டர்.

பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் அவர்கள் தலைமையில் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, சிறு சிறு சந்தாவால் தோட்டங்களையே வாங்கிய சமூகம் நாம். மண் கல் அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, ஊர் ஊராக வாடகைக்கு அனுப்புவது ஒரு வட்டாரக் கூட்டுறவுக்கோ ஆலயக் குழுவுக்கோ எட்டாத காரியமா? தச்சு வேலை தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். பழைய மரத்தைத் தேர்ந்தெடுக்கவும் பிரிக்கவும் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்க நான் கட்டணமின்றி வருவேன்.

எரிந்த லயங்களுக்கு அடுத்திருக்கும் மற்ற இரண்டு லயங்களும் தீபாவளிக்குப் பிறகு இடிக்கப்படும் என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். நேற்று போய்த் தட்டிப் பார்த்தேன். நான் எண்ணிய முப்பத்திரண்டு தூண்களில் இருபத்தேழு உறுதியாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தச்சர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.