தூக்குச்சட்டி டியூட்டி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாள் எடுத்து எழுதுகிறேன். பெங்களூர் போய்ச் சேர எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியதை ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "எடை 92 ஆயிட்டும்மா. ஜிம்முக்குப் பணமும் கட்டியாச்சு. போகத்தான் மனசே வர மாட்டேங்கு" என்றாய். அம்மா உடனே, "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடச் சொல்லு" என்றாள். எடைக்கும் கண்ணேறுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுத் தொலைத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தோசை வந்தது, சட்னி வரவில்லை.

வருடத்துக்கு 14,000 ரூபாய் கட்டி 19 நாள் போயிருக்கிறாய். கண்டக்டர் புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு நாள் டிக்கெட் 737 ரூபாய் விழுந்திருக்கிறது. திட்டுகிறேன் என்று நினைக்காதே. என் கதை இதைவிட மோசம். நீ அப்போது வெளியூரில் இருந்ததால் உனக்கு முழுசாகத் தெரியாது.

1983-இல் கண்டக்டர் பையை மாட்டினேன், 2014-இல் கழற்றினேன். 31 வருடத்தில் பாதிக்கு மேல் பாபநாசம் - திருநெல்வேலி ரூட்தான். விக்கிரமசிங்கபுரம், அம்பை, கல்லிடை, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று தூக்கத்தில் எழுப்பினாலும் ஸ்டேஜ் சொல்வேன். காலேஜ் நேரத்து சிங்கிளில், அதாவது ஒரு வழி ஓட்டத்தில், முன்படி, பின்படி இரண்டிலும் பையன்கள் தொங்குவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால் போய், அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டு இன்வாய்ஸை முடித்திருக்க வேண்டும். செக்கர் ஏறும்போது ஒருத்தர் டிக்கெட் இல்லாமல் இருந்தாலும் மெமோ. ராத்திரி வீட்டுக்கு வந்தால் கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கும். அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தருவாள். தட்டில் மலை மாதிரி சோறு போட்டுச் சாப்பிட்டும் ஓய்வு பெற்ற அன்று என் எடை 68.

மூன்றே வருடத்தில் 81 ஆனேன். தட்டு அதே தட்டு, மலையும் அதே மலை, நடைதான் போய்விட்டது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று அம்பையில் டாக்டர் சொன்னார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். கண்டக்டர் என்றதும் மனிதர் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார். அதை உனக்கும் சொல்ல வேண்டும்.

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். மாரடைப்பு யாருக்கு அதிகம் வருகிறது என்று கண்டுபிடிக்க அவர் போய்ப் பார்த்தது பஸ் டிப்போவைத்தான். அங்கே மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறி இறங்குவார். ஒரே வண்டி, ஒரே புகை, ஒரே மாதிரியான வீடு வாசல். ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் கடுமை குறைவு. 1953-இல் இதை எழுதி வெளியிட்டார். உடலை அசைப்பதற்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்று உலகம் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதானாம். அப்புறம் அந்த மனிதருக்கே ஒரு சந்தேகம். குண்டாக இருந்தவர்கள்தான் முதலிலேயே டிரைவர் வேலைக்குப் போனார்களோ? உடனே சீருடைக் கணக்கை எடுத்து இடுப்பளவைப் பார்த்திருக்கிறார். டிரைவர்களின் கால்சட்டை எந்த வயதிலும் பெரிசுதான். பஸ்ஸோடு நிற்காமல், தபால்காரர்களையும் தபால் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களையும் ஒப்பிட்டார். அங்கேயும் நடப்பவர்களுக்குத்தான் நல்லது நடந்திருந்தது. மாரிஸ் 2009 வரை, 99 வயது வரை இருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிரைவர் அண்ணன் மெயின் ரோட்டில்தான் இருக்கிறார், நேரே அவர் வீட்டுக்குப் போய் இந்தக் கதையைச் சொன்னேன். "வே, நீரு ஏறி இறங்குனீரு சரி, உம்ம வண்டியில மாடி எங்கவே இருந்துச்சு?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். 31 வருடத்தில் ஒரு நாளாவது, இன்றைக்கு நடக்க மனசு வருகிறதா என்று டிப்போவில் யாராவது கேட்டார்களா? காலை 4.50-க்கு முதல் சிங்கிள் என்றால் 4.50-க்கு விசில். மழை, காய்ச்சல், வீட்டில் சண்டை எதுவும் அந்த நேரத்துக்குத் தெரியாது. மனசு வந்த நாளில் மட்டும் வேலைக்குப் போயிருந்தால் உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்திருக்க முடியுமா?

ஆனால் அப்போது எனக்கு இது பாதிதான் புரிந்தது. மனசைக் கொண்டு வருவதற்கே பாடுபட்டேன். வெள்ளை ஷூ வாங்கினேன். அலாரம் வைத்தேன். நீ அனுப்பிய, அடி எண்ணுகிற கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேன். ஒரு நாளைக்கு 10,000 அடி என்றாயே, அது எந்த டாக்டரும் கண்டுபிடித்த கணக்கு இல்லையாம். 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்ற ஒரு கம்பெனி அதற்கு வைத்த பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. அது அப்போது எனக்குத் தெரியாது. 6,200-இல் நிற்கிற கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு நாளும் தோற்றுப்போனவன் மாதிரி வீடு திரும்புவேன். மூன்று வாரம் ஓடியது. ஐப்பசி மழை பிடித்தது. ஷூ பரணுக்குப் போனது. மறுபடி தைப்பூசத்துக்கு ஆரம்பித்து மாசியில் விட்டேன். இப்படி நாலு தடவை.

ஐந்தாவது தடவை ஒன்றும் சபதம் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பால் ஊற்றுகிறவரிடம், நாளையிலிருந்து வர வேண்டாம், நானே மாட்டுத் தொழுவுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். தொழு கன்னடியன் கால்வாய்க் கரையில், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். போய் வர நாலு. எனக்கு ஐம்பது நிமிடம்.

ஆறரைக்கு அம்மாவுக்குக் காபி வேண்டும். பழைய டிகாக்‌ஷன் தயாராக இருக்கும், பால் இருக்காது. நான் போகாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அந்த வீட்டில்தான் நீயும் வளர்ந்தாய். 31 வருடத்தில் எத்தனையோ செக்கிங் இன்ஸ்பெக்டர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்லை.

மனசு வராத நாள் இப்போதும் நிறைய உண்டு. மார்கழியில் கால்வாய்க் கரையில் பனி மூடிக் கிடக்கும்போது யாருக்குப் போர்வையை விட்டு வர ஆசை? ஆனால் மனசைக் கேட்டால்தானே அது வராது. தூக்குச்சட்டியை எடுத்ததும் கால் தானாகப் போகிறது. பாதி வழியில், பெரும்பாலும் கால்வாய் மதகைத் தாண்டினதும், மனசு பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்கிறது. கார் போகத்துக்கு நாற்று நடுவதையும் பிசானப் போகத்து நெல் அறுப்பதையும் ஒரு நாள் விடாமல் பார்க்கிறேன். பஸ்ஸில் போன காலத்தில் இந்த வயல் எல்லாம் எனக்கு ஜன்னலுக்கு வெளியே இருந்த பச்சைதான்.

எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நீ அதில்தான் மனசொடிந்து போகிறாய். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. என் பால் நடையில் 200 போனால் பெரிது. நடந்து மட்டும் ஒரு கிலோ குறைக்க மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் டவுனுக்குப் போய் நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு, இருட்டுக்கடையில் நூறு கிராம் அல்வாவை வாழையிலையில் வாங்கி நின்றபடியே முடித்தால் இரண்டு நாள் நடை அங்கேயே கரைந்துவிடும். ஆக எடை குறைவது தட்டில். இரண்டாம் தடவை சோறு போடுவதை நிறுத்தினேன். ராத்திரி பரோட்டாவை நிறுத்தினேன். சொதியையும் உளுந்தஞ்சோற்றையும் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். வாரம் ஒரு நாள் உண்டு. அம்மாவுக்கு இது பெரிய வருத்தம்தான். யாராவது 'போதும்' என்று கையை மறித்தால் சமையல் பிடிக்கவில்லை என்று அவளுக்கு அர்த்தம். நீ தீபாவளிக்கு வரும்போதும் மறித்துப் பார், தெரியும். 81 என்பது 73-க்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அதற்குப் பிறகு அந்த முள் நகரவே இல்லை.

நகராவிட்டால் என்ன? நம் சென்னையிலேயே டாக்டர் ராமச்சந்திரன் குழு சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-இல் எழுதியிருக்கிறது. நடக்கவும் சாப்பாட்டைத் திருத்திக்கொள்ளவும் சொல்லப்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்தது கால் பங்குக்கு மேல் குறைவு. எடை அவர்களுக்குச் சொல்லும்படியாகக் குறையவே இல்லை. உள்ளே ஏதோ சரியாகிறது, அது தராசுக்குத் தெரிவதில்லை. நானும் இப்போது தினமும் எடை பார்ப்பதில்லை. உப்பு கூடினால் ஒரு கிலோ ஏறும், வயிறு போனால் ஒரு கிலோ இறங்கும், அதைப் பார்த்து எதற்கு அழ வேண்டும்? என்னுடைய கடைசிக் காக்கிக் கால்சட்டை பீரோவில் இருக்கிறது. மாதம் ஒரு தரம் போட்டுப் பார்ப்பேன். 2017-இல் பட்டன் காஜாவுக்கு நாலு விரல் தள்ளி நின்றது. இப்போது மூச்சை இழுத்தால் மாட்டுகிறது. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். டேப்பை எடுத்து நீயும் அளந்து பார், எனக்குச் சொல்ல வேண்டாம்.

நடுவில் அறுந்ததும் உண்டு. 2023 டிசம்பரில் அந்தப் பெருமழை வந்து தாமிரபரணி பொங்கியபோது பத்து நாள் போக முடியவில்லை. பாக்கெட் பால்தான். பழக்கம் விட்டுப்போச்சு, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று பார்த்திருக்கிறார்கள். சராசரி 66 நாள். ஆனால் ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254 என்று போகிறது. நடுவில் ஒரு நாள் விட்டாலும் பெரிய நஷ்டம் இல்லையாம். இதை நான் டிப்போவிலேயே கற்றிருக்க வேண்டும். ஒரு சிங்கிள் கட் ஆனால் அதற்கு ஈடாக யாரும் அடுத்த சிங்கிளில் இரண்டு தடவை ஓட்டுவதில்லை. அடுத்த வண்டி அதன் நேரத்துக்குக் கிளம்பும். நீதான் நாலு நாள் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் இரண்டு மணி நேரம் எடையைத் தூக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுக்கிறாய்.

உனக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் தெருவில் தொழு இருக்காது. ஆனால் பாப்பாவின் பள்ளிக்கூடம் ஒன்றரைக் கிலோமீட்டர் என்று மருமகள் சொன்னாள். வேனுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள். அந்த வேனை நிறுத்து. காலையில் நீ கையைப் பிடித்துக்கொண்டு நடத்திக் கூட்டிப் போ, திரும்பத் தனியாக வா. வாரத்துக்கு ஐந்து நாள் போனாலே, வாரம் 150 நிமிடமாவது நடக்கச் சொல்கிறார்களே, அதைத் தாண்டிவிடுவாய். லேட்டானால் பள்ளிக்கூடத்தில் நிற்க வைப்பார்கள், அவள் உன்னைச் சும்மா விடுவாளா? அவளும் அம்மாவின் பேத்திதானே. தசைக்கு வேலை கொடுக்க வாரம் இரண்டு நாள் தோப்புக்கரணம் போடு. பரீட்சைக்குப் பரீட்சை பிள்ளையாருக்கு 108 போட்டவன், மறந்திருக்காது. இப்போது பத்தில் ஆரம்பி. முழங்கால் வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். ஜிம்மை என்ன செய்வது என்று உன் இஷ்டம்.

மணி ஐந்தே கால். அடுக்களையில் டம்ளர் சத்தம் கேட்கிறது. வந்து முடிக்கிறேன்.

வந்துவிட்டேன். தொழுவில் நேற்று ராத்திரி செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. ஒரு செம்பு சீம்பால் கொடுத்தார்கள். அம்மா உடன்குடிக் கருப்பட்டியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு வேக வைத்து, கேக் மாதிரி துண்டு போட்டு வைத்தாள். எனக்கு ஒரு துண்டுதான் என்று உத்தரவு. அவள் பூப்பறிக்கப் போன நேரத்தில் இன்னொன்றும் எடுத்துவிட்டேன். பாப்பாவிடம் கன்றைப் பற்றி மட்டும் சொல், துண்டுக் கணக்கைச் சொல்லாதே, அவள் போனில் ஆச்சியிடம் போட்டுக் கொடுத்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா
கல்லிடைக்குறிச்சி