பழகிய சட்டிக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் அன்பான அயலவர்களுக்கும் உறவினர்களுக்கும்,

எங்களுக்கு என்ன நேர்ந்தது, ஏன் இரண்டு பிள்ளைகளோடும் நான்கு பெட்டிகளோடும் ரொறன்ரோவிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தோம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதை மறுபடியும் எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கடனின் கடைசித் தவணை கடந்த வெள்ளிக்கிழமை கட்டி முடிந்தது. அன்றிரவு, பல மாதங்களுக்குப் பிறகு, என் கணவரும் நானும் விடியும்வரை அயர்ந்து தூங்கினோம். அந்தத் தூக்கத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். ஆகவே சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மெத்தைகளை மாடிக்குச் சுமந்து தந்த தம்பிமாருக்கும், பிள்ளைகளின் தமிழைக் கேட்டுச் சிரிக்காமல் பாடம் சொல்லிக்கொடுத்த ரீச்சருக்கும், மாதக் கடைசியில் பருப்பையும் மிளகாய்த்தூளையும் நூறு கிராம் கணக்கில் கேட்டபோதும் முகம் சுளிக்காமல் நிறுத்துத் தந்த கடைக்கார ஐயாவுக்கும், பால்கனியில் நாங்கள் தண்ணீரோடு விட்டிருந்த வாளியைக் கண்டதும் டெங்கு நுளம்பு பெருகும் என்று தாமே கவிழ்த்துவிட்டுப் போன எதிர்வீட்டு அண்ணாவுக்கும் எங்கள் நன்றி. ஞாயிறுதோறும் மின்மானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதி வைக்கப் பழக்கிய மாமாவுக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். மாதத்துக்கு 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே வேறு விலை விழும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. 60க்குள் நிற்பது இன்னும் கைகூடவில்லை, மாமா, ஆனால் 90ஐத் தாண்டவில்லை.

குளிரூட்டி இல்லாத வீட்டுக்குப் பிள்ளைகள் பழகத்தான் நாள் எடுத்தது. கொழும்பில் வெயிலைவிடக் காற்றின் ஈரம்தான் ஆளை வாட்டும். இரவில் கழுவிப் போட்ட பள்ளிச் சட்டை விடிந்த பிறகும் ஈரமாகவே தொங்கும். எந்த மாதத்தில் குளிர் வரும் என்று சின்னவன் கேட்டுக்கொண்டே இருந்தான். டிசம்பரும் வந்து போனது.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் கீழ்வீட்டு ஆச்சி. தமிழ்ப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள் என்ற வேறுபாடு இல்லாமல் ஒழுங்கை முழுவதும் அவரை ஆச்சி என்றே அழைக்கிறது. இரு மொழியிலும் அந்தச் சொல் ஒன்றுதான். என் பிள்ளைகள் இங்கு வந்து தயக்கமில்லாமல் சொன்ன முதற்சொல்லும் அதுவே.

வந்த இரண்டாம் கிழமை சந்தையில் மண்சட்டி ஒன்று வாங்கினேன். பிரிஜ் வாங்கும் நிலையில் அப்போது நாங்கள் இல்லை. புளி விட்டு வைத்த மீன்குழம்பைச் சுடவைத்து மறுநாளும் உண்ணலாம் என்று அம்மா சொல்லிய நினைவு. சட்டியைக் கழுவி அப்படியே காஸ் அடுப்பில் ஏற்றினேன், தீயும் அதிகம். கறி கொதி வரும் நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விட்டு, பாரைமீன் குழம்பு முழுவதும் அடுப்பின் மேல் வழிந்தது. அந்த மீனின் விலை எங்களுக்கு மூன்று நாள் மரக்கறிச் செலவு. கருகல் வாசம் கீழ்வரை போயிருக்க வேண்டும், முழங்கால் வலியோடு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்த ஆச்சி, சட்டியைத் திருப்பி அதன் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "பழக்காத சட்டியை நெருப்பில வச்சால் அது என்ன செய்யும், பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் தம்முடைய சட்டியையே கொண்டுவந்தார். வெளியே கரி பிடித்து, உள்ளே எண்ணெய் ஊறி மினுங்கும், விளிம்பில் சிறிது உடைந்த சட்டி. "இதில சமை. புதுசு ஒண்டு வாங்கி என்னட்டைத் தா, நான் பழக்கித் தாறன்" என்றார்.

வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீரில் ஊறவிட்டு, நிழலில் உலர்த்தி, உள்ளும் புறமும் தேங்காயெண்ணெய் பூசினார். பிறகு ஒரு கிழமையாக நாள்தோறும் அரிசி கழுவிய தண்ணீரையும் பிழிந்தெடுத்த தேங்காய்ப்பூவையும் அதில் இட்டு, இளந்தீயில் காய்ச்சி, ஊற்றிவிட்டு, மறுபடியும் காய்ச்சினார். சவர்க்காரம் படக் கூடாது, தும்பு போதும். சூட்டோடு ஈரத் தரையில் வைக்கக் கூடாது. ஒரு மாலையில் இதைப் பார்க்கப் போனபோது, பக்கத்து அடுப்பில் அவருடைய கறி ஓர் அலுமினியப் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அலுமினியத்தில் சமைத்த மீனை வாயில் வைக்க முடியாது என்று எங்களிடம் பலமுறை சொன்னவர் அவர்தான். ஒன்றும் பேசாமல் மேலே ஏறி வந்துவிட்டேன்.

எளிய வாழ்க்கையைப் புகழ்ந்து பேசுவோர் மீது எனக்கு இப்போதும் சற்று எரிச்சல் உண்டு. கையில் பணம் இருந்துகொண்டு எளிமையாக இருப்பது வேறு, இல்லாமல் இருப்பது வேறு. செலவைக் குறைத்தால் போதும் என்றே நான் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு சட்டிக்கே ஒன்பது நாள் வேண்டும் என்பதும், அந்த ஒன்பது நாளை வேறொருவர் நமக்காகக் கொடுக்கக்கூடும் என்பதும் என் கணக்கில் இருக்கவில்லை.

புதுச்சட்டி பழகியதும் ஆச்சியின் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. "அது இப்ப உன்ர கைக்குப் பழகிட்டுது. நான் இதோட இருக்கிறன்" என்று புதியதைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு மேலேயுள்ள வீடு வாடகைக்கு என்று வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். யார் வரப்போகிறார்கள் என்று தெரியாது. நேற்றுச் சந்தையில் ஒரு சட்டி வாங்கி வந்து வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன். எதிர்வீட்டு அண்ணா கவலைப்பட வேண்டாம். நாளைக் காலையில் தண்ணீரை ஊற்றிவிடுவேன்.

நன்றியுடன்,
இரண்டாம் மாடிக் குடும்பம்