தக்களி விழுந்த கதை

அன்புள்ள குண்டூசி,

உன் மூன்று கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு, இப்போது இதைக் கேள். நான் நூல் நூற்கக் கற்றுக்கொள்கிறேன். கையால், தக்களியை வைத்து; அதுதான், சுழற்றிவிட்டால் பஞ்சை நூலாக முறுக்கும் அந்தச் சின்னக் கதிர். சிரித்து முடித்தாயா?

முதல் வாரம் நான் நூற்றதைவிடத் தக்களி தரையில் விழுந்ததுதான் அதிகம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "ஏதாவது மராமத்து நடக்கிறதா?" என்றார். பஞ்சுத் திரியைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். தப்பு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. தக்களி சுற்றி ஓய்ந்ததும் தானாகவே எதிர்ப்பக்கம் திரும்பும். நானோ பஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறிய முறுக்கெல்லாம் பிரிந்து, பொத்தென்று கீழே. இப்போது முறுக்கு ஏறியதும் தக்களியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, நிதானமாகப் பஞ்சை இழுக்கிறேன். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் விழாது.

கம்பளியில் தொடங்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதன் இழை 7, 8 சென்டிமீட்டர் வரும். பருத்தி இழை பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குள்தான். குட்டை இழை பிடித்து நிற்க முறுக்கு நிறைய வேண்டும். கேட்டேனா? நீச்சல் கற்றுக்கொள்ளப் போய் ஆழமான பக்கத்தில் குதித்தவள்தானே நான். முடியைப் பிடித்து இழுத்துப் போட்டது நீ.

ஒருநாள் பஞ்சு வரவே மாட்டேன் என்றது. இழுக்க இழுக்க இறுகியது. உற்றுப் பார்த்தால், இரண்டு கையையும் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரே இழையின் ஒரு நுனி இந்தக் கையில், மறு நுனி அந்தக் கையில். எனக்கு எதிராக நானே வடம் இழுத்திருக்கிறேன்! ஒரு கையை நாலு விரல்கடை தள்ளிப் பிடித்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது பார். ஆனாலும் முறுக்கு மெலிந்த இடத்தைத் தேடித்தான் ஓடுகிறது. தடித்த இடம் சோம்பேறியாகக் கிடக்கிறது. என் நூல் வரிசையாக எலி விழுங்கிய பாம்பு மாதிரி இருக்கும்.

அம்மா தினமும் மாலை 7 மணிக்குப் போன் செய்வாள், உனக்குத் தெரியும். இப்போது அந்த நேரத்தில்தான் தக்களியை எடுக்கிறேன். கைக்கு வேலை இருந்தால் காது மணிக்குக் காத்திருப்பதில்லை. உனக்கு எழுதாததும் அதனால்தான். எழுத உட்கார்ந்தால் அதைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

சரி, போகட்டும். இத்துடன் இரண்டு முழம் நூல் வைத்திருக்கிறேன். இரண்டு ஒற்றை நூலைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கியது. வெந்நீரில் நனைத்துக் காயப்போட்டதால் சுருண்டுகொள்ளாது. இழுத்துப் பார்க்காதே. கண்ணாடியிடம் காட்டாதே, அவள் பூதக்கண்ணாடியோடு வருவாள். நடுவில் ஓரிடம் மட்டும் விரல் தடிமன் இருக்கும். அது கீழ்வீட்டுக்காரர் இரண்டாம் முறை கதவைத் தட்டிய நேரம்.

உன்,
வாயாடி