வீட்டைக் காட்டும் முகவர்கள் வீதியையும் காட்ட வேண்டும்: ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு காட்டும் சொத்து முகவர்களுக்கு வணக்கம்.

என் மகளும் மருமகனும் மறுவிற்பனை வீடு தேடுகிறார்கள். அவர்களுக்குத் துணையாக நானும் இதுவரை பதினொரு வீடுகளுக்குப் போய்வந்துவிட்டேன். போன இடமெல்லாம் எங்களிடம் முதலில் சொல்லப்பட்டவை இரண்டே: எம்ஆர்டி நிலையம் எத்தனை நிமிட நடை, சதுர அடி என்ன விலை. இரண்டும் தெரிய வேண்டியவைதாம். ஆனால், நாளை அந்த வீட்டை எங்களிடமிருந்து யாரால் வாங்க முடியும் என்பதையோ, எதிரே புல் மண்டிக் கிடக்கும் நிலத்தில் என்ன எழும்பும் என்பதையோ ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை. ஒரு தெரு குடியிருக்கத் தகுந்ததா, அதில் போடும் பணம் நிலைக்குமா என்பதை, சொல்லாமல் விட்ட இந்த இரண்டும்தான் பெருமளவு தீர்மானிக்கின்றன என்பது என் எண்ணம்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது நம்மைக் கூடுதலாகத் தொடுவது. 1989இல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒவ்வொன்றிலும் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25 விழுக்காடு, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15 விழுக்காடு என்பது உச்சவரம்பு. பல புளோக்குகள் சேர்ந்த அக்கம்பக்கத்துக்கு இந்த வரம்புகள் ஒவ்வொன்றும் மூன்று விழுக்காட்டுப் புள்ளி குறைவு. இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் நாம் அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்துதான் வாங்க முடியும் என்பது பலருக்கும் தெரியும், வாங்கப் போகும்போதே அது தடுத்து நிறுத்திவிடுவதால். விற்கும்போது வரும் சிக்கல்தான் மறைந்து கிடக்கிறது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு வைத்திருக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க இயலாது. நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வாங்குவோர் வரிசையிலிருந்து அப்படியே விலகிவிடுகிறார்கள். அக்கொள்கையின் நோக்கத்தை நான் குறைகூறவில்லை; எல்லா இனத்தாரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் புளோக்கில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இப்படிச் சிக்கிக்கொண்ட உரிமையாளர்களிடமிருந்து, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கழகமே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் 2021 டிசம்பர் முதல் உண்டு. ஆயினும் அது கடைசிப் புகலிடமே. எந்த புளோக்கில் எந்த வரம்பு நிரம்பியிருக்கிறது என்பதைக் கழகத்தின் இணையத்தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்னும்போது, அதை வாங்குவோரே கேட்கட்டும் என்று நீங்கள் காத்திருப்பது முறையாகப் படவில்லை.

வீவக வீடு நமக்குக் கிடைப்பது குறிப்பிட்ட ஆண்டுக் குத்தகைக்குத்தான்; அந்தக் குத்தகைக் கணக்கும் இதே கேள்வியின் மறுபாதிதான். 2019 மே மாதத்திலிருந்து, வாங்குவோரில் இளையவர் 95 வயதை எட்டும்வரை குத்தகை நீடித்தால்தான், நம் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியை முழு அளவுக்குப் பயன்படுத்தலாம். 55 ஆண்டுகள் மிச்சமுள்ள வீட்டை 32 வயதுக்காரர் வாங்கினால் கூட்டுத்தொகை 87. அதாவது இப்போதே அவருக்குக் குறை விழுகிறது. அவர் 15 ஆண்டுகள் குடியிருந்துவிட்டு விற்கும்போது மீதி 40 ஆண்டுகள். முழு நிதியுடன் வாங்கக்கூடியவருக்கு அன்று 55 வயதாகியிருக்க வேண்டும். முதிர்ந்த பேட்டைகளில் அமைதியும் நிழலும் கூப்பிடு தூரத்தில் உணவங்காடியும் இருக்கும், அதனால் வாழ்வதற்கு அவை மிக நல்லவை; கைமாற்றுவதற்கும் அப்படியே என்று சொல்லாதீர்கள். கேலாங் லோரோங் 3இல் இருந்த 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தபோது, அந்த நிலம் இழப்பீடின்றி அரசாங்கத்திடம் திரும்பிப் போனது. அதன் பிறகும் 'பழைய புளோக்குகளை அரசாங்கம் எப்படியும் எடுத்துக்கொண்டு புதுவீடு தரும்' என்று எங்களிடம் ஒருவர் நம்பிக்கை ஊட்டினார்.

பள்ளியைப் பற்றியும் ஒரு சொல். புகழ்பெற்ற தொடக்கப்பள்ளி ஒன்று, பிள்ளைச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று எங்களுக்கு ஒரு வீடு விலை கூட்டிக் காட்டப்பட்டது. அது சிறப்பு உதவித் திட்டப் பள்ளி. தாய்மொழிப் பாடமாக அங்கே சீனம்தான். பேரனைத் தமிழ் படிக்கவைக்க விரும்பும் எங்களுக்கு அந்த ஒரு கிலோமீட்டரால் என்ன பயன்? சீனக் குடும்பங்கள் அதற்காகவே தேடி வருவார்கள் என்று பதில் வந்தது. அந்த புளோக்கில் சீனர் வரம்பு ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

இனி எதிரேயுள்ள நிலம். 'மறைக்காத பசுமைக் காட்சி' என்று விளம்பரப்படுத்தப்பட்ட வீடொன்றின் சன்னலிலிருந்து தெரிந்த திடலை, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். குடியிருப்புக்கென வகுக்கப்பட்ட நிலம், தளப்பரப்பு விகிதம் 2.8. ஆயிரம் சதுர மீட்டர் மனையில் 2,800 சதுர மீட்டர் வரை தளங்கள் எழுப்பலாம் என்பது அதன் பொருள். கட்டுமான ஓசையில் சில ஆண்டுகள், அதன்பின் அண்டை வீட்டார் துணி உலர்த்தும் கொடிக்கம்புகள். அந்தப் பசுமைக்கா நாங்கள் கூடுதல் விலை கொடுப்பது? வரப்போகும் ரயில் நிலையத்தைக் காட்டி விலை சொல்லும்போதும் இதே நிதானம் வேண்டும். வடகிழக்கு ரயில்பாதை 2003இல் திறக்கப்பட்டபோது, கட்டி முடித்தும் மூடிக் கிடந்த புவாங்கோக் நிலையம் 2006இலும் உட்லி நிலையம் 2011இலும்தான் திறந்தன.

லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் வீடு காட்டிய முகவர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, 'ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டம் இருக்கும்' என்றார். அந்தக் கூட்டம் யாருடையது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு வருகிற வெளிநாட்டு ஊழியர்கள் நின்று பேசும் தெருவைக் குறையென்று நான் எண்ணவில்லை, பூக்கடையும் காய்கறிக் கடையும் காலடியில் இருப்பது என் மனைவிக்குப் பெரிய நிறைவு. எனினும் நடக்க முடியாத தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய குடும்பத்துக்கு அதே தெரு வேறு மாதிரி இருக்கும். ஆகவே தாழ்ந்த குரல் வேண்டாம். எந்த நாளில், எந்த நேரத்தில், எப்படி இருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், தகுமா தகாதா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

நான் கேட்பது அதிகமில்லை. வீட்டின் படங்களை அனுப்பும் அதே குறுந்தகவலில் குத்தகையின் மீதி ஆண்டுகளையும், புளோக்கின் இன வரம்பு நிலையையும், எதிர் நிலத்துக்கான பெருந்திட்ட வகைப்பாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். வீடு பார்க்க வருவோரை மேலே அழைத்துப் போகுமுன் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை உடன் நடந்து செல்லுங்கள். பதினொன்றில் ஒன்பது வீடுகளை எங்களுக்குக் காலை பத்து மணியளவில் காட்டினீர்கள். அவற்றில் நான்கு மேற்கு பார்த்தவை. பன்னிரண்டாவது வீட்டை மாலை நான்கு மணிக்குக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீடு தேடும் குடும்பத்து மூத்தவர் ஒருவர்