வெள்ளாடுகளுக்கு எடை பார்த்துக் குடற்புழு மருந்து கொடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: வெள்ளாடு வளர்ப்போர்

பெறுநர்: உதவி இயக்குநர் அவர்கள், கால்நடை பராமரிப்புத் துறை

பொருள்: குடற்புழு நீக்க முகாம்களில் மருந்தளவு, புழுக்கைப் பரிசோதனை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முகாம்கள் தவறாமல் நடக்கின்றன. அதில் எங்களுக்குக் குறையில்லை. மருந்து ஊற்றும் விதத்தில்தான் குறை. கிடாவுக்கும் குட்டிக்கும் ஒரே 10 மி.லி. கொடுக்கப்படுகிறது. 2.5 சதவீத அல்பெண்டசோல் மருந்தில் மில்லிக்கு 25 மி.கி. இருக்கிறது. வெள்ளாட்டுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. என்று வைத்தால், 25 கிலோ ஆட்டுக்கு அந்த 10 மி.லி. சரி. 40 கிலோ கிடாவுக்கு 16 மி.லி. வேண்டும். குறைந்த அளவைத் தாங்கிப் பிழைக்கும் புழுக்கள்தான் மேய்ச்சல் நிலமெங்கும் முட்டையைப் பரப்புகின்றன. அவற்றின் வாரிசுகளுக்கு நாளடைவில் முழு அளவும் வேலை செய்யாது.

செம்மறிக்குச் சொல்லப்படும் கிலோவுக்கு 5 மி.கி. அளவை வெள்ளாட்டுக்கு அப்படியே கொடுப்பதும் இதே கேட்டில்தான் முடியும். வெள்ளாட்டின் உடல் இம்மருந்தை வேகமாகக் கழித்துவிடுகிறது. அதற்காக எல்லா மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டவும் முடியாது: லெவாமிசோல் என்ற இன்னொரு குடற்புழு மருந்து அளவு மீறினால் நஞ்சாகும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது. முகாமில் இதை யாரும் விசாரிப்பதில்லை.

பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து மூச்சுக்குழலுக்குள் போகும். தலையை மட்டமாகப் பிடித்து, வாயோரமாகக் குழலை நுழைத்து, நாக்கின் அடிப்பகுதிக்கு மேல் மெதுவாக விட வேண்டும்.

இன்னொன்று. ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு குடலில் அல்ல, நான்காம் இரைப்பையில் இருக்கிறது. கழிச்சலே இல்லாமல் ஆடு சோகை பிடித்து, தாடை வீங்கிச் செத்துவிடும். எனவே கீழ் இமையை விரித்து, உட்புறம் வெளுத்திருக்கும் ஆடுகளுக்கு முதலில் மருந்து கொடுக்கலாம். கண் நல்ல சிவப்பாக உள்ள, கொழுத்த பெரிய ஆடுகள் சிலவற்றை விட்டுவைப்பது நல்லது. மருந்து படாத அவற்றின் புழுக்களும் முட்டையிடுவதால், மருந்துக்கு மடியும் புழு இனம் அப்போதுதான் நிலைக்கும்.

ஆகவே ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு தொங்கு தராசும், மி.லி. அளவு குறித்த மருந்தூட்டுக் குழலும் வழங்க வேண்டுகிறோம். பட்டிக்குப் பத்து ஆடுகளிடம் மருந்து கொடுக்கும் நாளிலும் 14ஆம் நாளிலும் ஆசனவாயிலிருந்தே புழுக்கை எடுத்து, கால்நடை மருந்தகத்தில் முட்டை எண்ணிக்கை பார்க்க உத்தரவிட வேண்டும். தரையில் கிடப்பதை அள்ளினால் எந்த ஆட்டுடையது என்றே தெரியாது. முட்டை 95 சதவீதமாவது குறையவில்லையென்றால் அந்த மருந்து அந்தப் பட்டியில் எடுபடவில்லை என்று கொள்ளலாம். அப்போது அல்பெண்டசோலுக்குப் பதில் பென்பெண்டசோல் வாங்கித் தருவதால் பயனில்லை; இரண்டும் புழுவை ஒரே விதமாகத் தாக்கும் ஒரே தொகுதி மருந்துகள். வேறு தொகுதி மருந்தைக் கால்நடை மருத்துவர் தேர்ந்து தர வேண்டும்.

ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் முட்டை ஒரு வாரத்தில் தொற்றும் நிலைப் புழுவாகிப் புல்நுனிக்கு ஏறிவிடும். எனவே மழை பிடிக்கும் முன்பே ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெள்ளாடு வளர்ப்போர்